நெடுந்தண்டு ரோசா

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள நிலம் பெரும்பாலும் வானம் பார்த்த கரிசல் நிலமாகும். மழை குறைவு, வெயில் மிகுதி. இவ்வறண்ட வானிலையே தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கு வேரூன்றத் துணை செய்தது. மருந்தை உலர்த்தும் வெயில் மலரை வாட்டாது விடுமோ? ஆயினும், பூந்தோட்டம் நம் மாவட்டத்திற்குப் புதியதன்று. பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து மாலை தொடுத்த திருவில்லிபுத்தூர் இம்மாவட்டத்ததே.

நம் வீட்டுக் கொல்லையில் துளசி, செம்பருத்தி, நந்தியாவட்டை, மல்லிகை ஆகியன வரிசையும் வரம்புமின்றி வளர்ந்து நிற்கும். அதுவே அதன் அழகு. அங்கே குறுஞ்செடியாகிய ரோசாவை நட்டால், அது பிற செடிகளின் நிழலில் மறைந்துவிடும். நெடுந்தண்டு ரோசாவோ குடைபோல் உயர்ந்து நின்று பூக்கும். தன் அடியில் சிறு செடிகளுக்கும் இடம் தரும்.

இவ்வடிவம் இயற்கையில் தானே அமைவதன்று. வலிய வேருடைய காட்டு ரோசாவின் தண்டு ஒன்றை நேராக வளர்ப்பர். ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் அதன் பட்டையைக் கீறி, நல்லினச் செடியின் கணுமொட்டை உள்ளே செருகிக் கட்டுவர். மொட்டு பற்றித் துளிர்த்தபின், ஒட்டுக்கு மேலுள்ள காட்டுத் தண்டை வெட்டி நீக்குவர். வேர் ஒன்றனுடையது, மலர் மற்றொன்றனுடையது.

நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்றும் 45 செ.மீ. உள்ள குழி தோண்டி, கரிசலோடு செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து இடுக. ஐப்பசியில் நடுதல் நன்று. வடகிழக்குப் பருவமழை துணை நிற்கும். எனினும், நீர் தேங்கலாகாது. தலை கனத்த செடியாதலின், உறுதியான கொம்பு ஊன்றி, தண்டு அறுபடாதவாறு தளர்த்திக் கட்டுக. குடிநீருக்கே குடங்கள் காத்திருக்கும் ஊரில் பூவுக்கு நீர் ஏது என்பீர். அரிசியும் காயும் கழுவிய நீரை ஊற்றுக. சோப்பு நீர் ஆகாது. அடியில் சருகு பரப்பினால் ஈரம் விரைவில் உலராது.

இனி, யான் செய்த பிழையைக் கூறுகிறேன். முதன்முதலில் நான் நட்ட செடியின் அடியிலிருந்து தளிர்கள் பல விரைந்து எழுந்தன. அவற்றைச் செழிப்பென்று எண்ணி மகிழ்ந்தேன். அவை காட்டு ரோசாவின் தளிர்கள் என்பதை அறிந்தேனல்லேன். வேர் ஈட்டிய உணவை அவையே கவர்ந்தன. மேலிருந்த நல்லின ரோசா இளைத்து, ஓராண்டிற்குள் பட்டுப்போயிற்று. ஒட்டுக்குக் கீழே எழும் தளிரைக் கண்டவுடன் அடியோடு களைதல் வேண்டும்.

விரைந்து வளர்வதெல்லாம் வளர்ச்சியன்று. எதை வளர்க்கிறோம் என்று அறிந்து வளர்ப்பவனே நல்ல தோட்டக்காரன்.