குவாங்கோ ஆறும் கபிண்டா கடலும்: அங்கோலா அன்றும் இன்றும்

1990களில் அங்கோலாவின் வடகிழக்கே ஓடும் குவாங்கோ ஆற்றை மணல் மூட்டைகளால் மறித்து, அடியில் கிடக்கும் சரளையை வாரிக் கரையேற்றிச் சல்லடையில் அலசினார்கள். மண்வெட்டியும் கூலியாட்களும் இருந்தால் வேலை நடந்துவிடும். அலசி முடிந்ததும் தங்கும் வைரக் கல்லைச் சட்டைப்பையில் போட்டே எல்லை தாண்டிவிடலாம். அந்த வட்டாரத்தில் பெரும்பகுதி ஜோனாஸ் சவிம்பியின் யுனிடா கிளர்ச்சிப் படை வசம் இருந்தது. வைரம் விற்ற காசில் வாங்கிய டீசலும் தோட்டாக்களும் விமானமேறி யுனிடாவின் தளமான அண்டூலோ நகரின் ஓடுதளத்தில் வந்து இறங்கின.

ஆட்சியிலிருந்த எம்.பி.எல்.ஏ. கட்சிக்குக் கபிண்டா மாகாணக் கரைக்கு அப்பால், கடலடியில் எண்ணெய் இருந்தது. யுனிடாவின் பீரங்கி அங்கே எட்டாது. அரசுப் படையாலும் வைர ஆறுகளை முழுசாகப் பிடித்துவைக்க முடியவில்லை. எதிராளியின் கஜானாவை இருவராலுமே தொட முடியாத போர் எப்படி முடியும்?

1975 நவம்பரில் போர்ச்சுகல் வெளியேறியதும் மூண்ட சண்டை 27 ஆண்டுகள் நீடித்தது. இனப்பகை, வல்லரசுகளின் பனிப்போர் என்று காரணம் சொல்வது வழக்கம். ஆரம்ப ஆண்டுகளுக்கு அது பொருந்தும். ஆனால் யுனிடாவுக்குத் துணைநின்ற தென்னாப்பிரிக்கப் படை போய்விட்டது. அரசுக்குத் துணைநின்ற கடைசிக் கியூபச் சிப்பாயும் 1991 மே மாதம் கிளம்பிப் போனார். அதே மாதம் சமாதான ஒப்பந்தமும் கையெழுத்தானது. 1992 செப்டம்பர் தேர்தலில் அதிபர் டோஸ் சாண்டோஸுக்கு 49.57 சதவீதம், சவிம்பிக்குச் சுமார் 40 சதவீதம். மோசடி என்று சொல்லி சவிம்பி மறுபடி துப்பாக்கியைத் தூக்கினார்.

மிகக் கொடிய காலம் அதன் பிறகுதான் வந்தது. 1993இல் முற்றுகைக்குள்ளான குயிட்டோ நகரில் பிரதான வீதியின் ஒரு பக்கம் அரசுப் படை, எதிர்ப்பக்கம் யுனிடா. பசி தாங்காத சனங்கள் இரவில் கண்ணிவெடிகளைக் கடந்து வயல்களுக்குப் போய் உணவு தேடினார்கள். போனவர்கள் எல்லோரும் திரும்பவில்லை.

மொசாம்பிக்கும் போர்ச்சுகலிடமிருந்து விடுபட்ட நாடுதான். அங்கேயும் கொடூரமான உள்நாட்டுப் போர் நடந்தது. ஆனால் ரெனாமோ கிளர்ச்சியாளர்களுக்கு வைர ஆறு இல்லை. வெளியிலிருந்து வந்த உதவி வற்றியது, வறட்சியும் சேர்ந்துகொண்டது. 1992 அக்டோபர் 4 அன்று ரோமில் சமாதானம் ஆனார்கள். அதே மாதக் கடைசியில் அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவின் தெருக்களில் மறுபடி சுடத் தொடங்கியிருந்தார்கள். கடத்தல் பொருளில் காசு பார்க்கும் கிளர்ச்சிகள் நெடுங்காலம் நீடிக்கின்றன என்று அரசியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபியரன் 2004இல் எழுதிய ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரு நாடுகள்தான் நினைவுக்கு வரும்.

1998இல் யுனிடா வைரத்துக்கு ஐ.நா. தடை போட்டது. 1999இல் அண்டூலோ விழுந்தது. 2002 பிப்ரவரி 22 அன்று சவிம்பி அரசுப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டார், ஏப்ரல் 4 அன்று போர்நிறுத்தம். இந்த வெற்றியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. யுனிடாவுக்குச் சோறு கிடைக்கக்கூடாது என்று அரசுப் படை கிராமம் கிராமமாக மக்களைப் பெயர்த்தது. போர் முடிந்தபோது சுமார் 40 லட்சம் பேர் வீடிழந்து நின்றார்கள்.

இன்று யுனிடா நாடாளுமன்றத்தில் பிரதான எதிர்க்கட்சி. 2022 தேர்தலில் 220 இடங்களில் 90 பிடித்தது, தலைநகர் லுவாண்டாவிலும் அதற்கே அதிக வாக்கு. போரில் முடங்கிக் கிடந்த 1,344 கிலோமீட்டர் பெங்குவேலா ரயில் பாதையைச் சீன நிறுவனம் புதுப்பித்து, லோபிட்டோ துறைமுகத்திலிருந்து காங்கோ எல்லை வரை வண்டி ஓடுகிறது. 1997இல் இளவரசி டயானா கவச உடையணிந்து நடந்த ஹுவாம்போ கண்ணிவெடி வயல் இப்போது வீடுகள் நிறைந்த தெரு. மொஷிக்கோவிலும் முன்னாள் குவாண்டோ குபாங்கோ மாகாணப் பகுதியிலும் இன்னும் கண்ணிவெடிகளைத் தோண்டியெடுக்கிறார்கள்.

கபிண்டாவில் மட்டும் பிரிவினைப் போராளிகளின் சிறு சண்டை 2002க்குப் பிறகும் ஓயவில்லை. 2006இல் ஒரு பிரிவினர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள், மற்றவர்கள் ஏற்கவில்லை. எண்ணெய் அவர்கள் கரைக்கு எதிரேதான் எடுக்கப்படுகிறது, பணம் லுவாண்டாவுக்குப் போகிறது.