ஏழு இன்னிங்ஸ் எதைச் சொல்லும்?

பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். சாத்தம் ஜெட்டிக்குப் போகும் ஃபெரியில், ஐபிஎல் நடக்கும் மாதங்களில் வேறு பேச்சே கிடையாதாம். 2025 சீசனின் கடைசி வாரங்களில் சென்னை சூப்பர் கிங்ஸ் இளம் வீரர்களை இறக்கியதைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. “இந்தப் பையன்களை முதல் மேட்சிலேயே இறக்கியிருந்தால் பிளே-ஆஃபுக்குப் போயிருக்கலாம்” என்கிறது ஒரு கட்சி. “ஏழு மேட்சை வைத்து ஒருத்தனைத் தலையில் தூக்கி வைத்து ஆடாதே” என்கிறது இன்னொரு கட்சி. அறிவியல் யார் பக்கம் என்று கேட்கிறார்.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்து சேர்ந்ததிலிருந்து, அந்தமானிலும் பந்துக்குப் பந்து புள்ளிவிவரம் கைப்பேசியில் கிடைக்கிறது. எண்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் பிரச்சினை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை நழுவிப்போன சீசனில் இளைஞர்களை ஆட விட்டது சரி. அவர்கள் எடுத்த ரன்களை அப்படியே எதிர்காலமாக எடுத்துக்கொள்வது தவறு. இரண்டையும் ஒரே கணக்கு சொல்கிறது. அந்தக் கணக்கு அத்தனை அழகானது.

நடந்ததை ஒருமுறை வரிசைப்படுத்திக்கொள்வோம். சென்னை அந்த சீசனில் 14 மேட்சில் 4 மட்டுமே வென்று, முதன்முறையாகப் பட்டியலின் அடியில் முடித்தது. ருதுராஜ் கெய்க்வாட் காயத்தால் விலக, அவர் இடத்துக்கு வந்தவர் மும்பையைச் சேர்ந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே. ஏப்ரல் 20 அன்று வான்கடேயில் முதல் மேட்ச், 15 பந்தில் 32. அதன் பிறகு வரிசையாக 30, 7, 94, 0, 43, 34. மொத்தம் 7 இன்னிங்ஸ், 127 பந்து, 240 ரன். சராசரி 34.3, ஸ்ட்ரைக் ரேட் 189. அந்த 94 ரன் மே 3 அன்று பெங்களூருவில் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்பே, சேப்பாக்கத்தில் பஞ்சாபிடம் தோற்று சென்னை வெளியேறிவிட்டது. டிவால்ட் பிரெவிஸ் 6 மேட்சில் 225 ரன், உர்வில் படேல் 3 மேட்சில் 68 ரன். எல்லாம் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான்.

இப்போது அந்த 94க்கும் அடுத்து வந்த 0க்கும் நடுவே நிற்போம். இரண்டுக்கும் இடைவெளி நான்கு நாள். முதலாவதில் 48 பந்து நின்றவர், அடுத்ததில் 2 பந்தில் அவுட். ஒரு நாள் “உச்ச ஃபார்ம்”, அடுத்த முறை “அனுபவம் போதாது” என்று வர்ணனையாளர்கள் காரணம் சொல்வார்கள். காரணமே தேவையில்லை என்பதைக் காட்டுகிறேன்.

மாத்ரே 127 பந்துக்கு 7 முறை அவுட். அதாவது சராசரியாக 18 பந்துக்கு ஒருமுறை. திறமை துளியும் ஏறாமல் இறங்காமல், ஒவ்வொரு பந்திலும் அவுட் ஆகும் வாய்ப்பு சரியாக பதினெட்டில் ஒன்று என்றே இருக்கும் ஒரு மட்டையாளரைக் கற்பனை செய்யுங்கள். பயம், ஃபார்ம், களைப்பு எதுவும் அவருக்குக் கிடையாது. அவருடைய இன்னிங்ஸ்களில் நான்கில் ஒன்று முதல் ஐந்து பந்துக்குள் முடிந்துவிடும். பாதி, பன்னிரண்டு பந்தைத் தாண்டாது. பத்தில் ஒன்று, இரண்டாவது பந்துக்குள்ளேயே முடியும். ஆனால் பதினைந்தில் ஒன்று 48 பந்து வரை நீளும். டக் அவுட்டும் 94ம் ஒரே மனிதரிடமிருந்து, எந்த மாற்றமும் இல்லாமல், இயல்பாக வரக்கூடியவை. நாம் “ஃபார்ம்” என்று பெயர் வைத்துக் கொண்டாடுவதிலும் திட்டுவதிலும் பெரும்பகுதி இந்த ஏற்ற இறக்கம்தான்.

இதன் விளைவு கடுமையானது. மாத்ரேயின் ஏழு ஸ்கோர்களுக்குத் திட்ட விலக்கம் போட்டால் ஏறத்தாழ 30 வருகிறது. கிட்டத்தட்ட சராசரியின் அளவுக்கே பரவல். அதை ஏழின் வர்க்கமூலத்தால் வகுத்தால், சராசரியின் பிழை 11 ரன்னுக்கு மேல். அதாவது அவருடைய “34” என்பது 23ஆகவும் இருக்கலாம், 45ஆகவும் இருக்கலாம். 23 என்றால் ஆடும் பதினொன்றில் இடம் கேள்விக்குறி. 45 என்றால் நட்சத்திரம். ஏழு இன்னிங்ஸால் இந்த இரண்டு பேரையும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ஒரு 94ஐ எடுத்துவிட்டால் மீதி ஆறின் சராசரி 24. அதே சீசனில் 14 வயதில் 35 பந்தில் சதம் அடித்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த வைபவ் சூர்யவன்ஷிக்கும் இதே கதை: 7 இன்னிங்ஸில் 252 ரன், சராசரி 36, அந்த 101ஐ நீக்கினால் 25. நீக்குவது நியாயம் என்று நான் சொல்லவில்லை. சராசரி என்ற கட்டடம் ஒரே தூணில் நிற்கிறது என்று சொல்கிறேன்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் சொல்வோம். பானை விஷயத்தில் அது முழு உண்மை. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. கொதி எல்லாப் பருக்கையையும் புரட்டிப் புரட்டி ஒரே சூட்டில் வைக்கிறது. அதனால் ஒன்றை நசுக்கிப் பார்த்தால் போதும். மட்டையாளரின் இன்னிங்ஸ்களோ ஒவ்வொன்றும் தனி அடுப்பில் வெந்த பருக்கை. வான்கடேயின் அடுப்பு வேறு, சேப்பாக்கத்தின் அடுப்பு வேறு. புது பந்தில் ஸ்விங் செய்பவர் ஒரு விறகு, மெதுவாகச் சுழற்றுபவர் இன்னொரு விறகு. ஏழு பருக்கையை எடுத்துப் பார்த்தால் ஒன்று குழைந்திருக்கிறது, ஒன்று அரிசியாகவே இருக்கிறது, மற்றவை நடுத்தரம். சமைத்துப் பழகிய கை இந்த நிலையில் என்ன செய்யும்? இந்த அரிசி எந்த மூட்டையிலிருந்து வந்தது, அந்த மூட்டை வழக்கமாக எவ்வளவு நேரத்தில் வேகும் என்று முதலில் கேட்கும். பருக்கை சொல்வதையும் மூட்டை சொல்வதையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வரும். கையில் இருக்கும் பருக்கை குறைவு என்றால் மூட்டையின் பேச்சுக்கு எடை அதிகம். பருக்கை ஏற ஏற, மூட்டையை மறந்துவிடலாம்.

இந்தச் சமையலறை ஞானத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீவிர மதிப்புகள் அடுத்த முறை சராசரியை நோக்கிச் சரியும் என்று பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தை வைத்து 1886இல் பிரான்சிஸ் கால்டன் எழுதினார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சராசரிகளை ஒரே நேரத்தில் மதிப்பிடும்போது, தனித்தனிச் சராசரியை அப்படியே நம்புவதைவிடச் சிறந்த வழி உண்டு என்று 1956இல் சார்ல்ஸ் ஸ்டீன் நிறுவினார். 1961இல் வில்லார்ட் ஜேம்ஸுடன் சேர்ந்து அதற்கான சூத்திரத்தையும் தந்தார். புள்ளியியலாளர்கள் பலருக்கே அது நம்ப முடியாததாக இருந்தது.

அதை எல்லோருக்கும் புரியவைத்தது பேஸ்பால். பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் இருவரும் 1970ஆம் ஆண்டு அமெரிக்க சீசனின் தொடக்கத்தில், தலா 45 முறை மட்டை பிடித்து முடித்திருந்த 18 வீரர்களை எடுத்துக்கொண்டார்கள். முதலிடத்தில் ராபர்ட்டோ கிளெமென்டே; 45க்கு 18 வெற்றி, அதாவது 0.400. கடைசியில் இருந்தவர் 0.156. பதினெட்டுப் பேரின் பொதுச் சராசரி 0.265. சீசனின் மீதியில் இவர்கள் எப்படி ஆடுவார்கள் என்று கணிக்க வேண்டும். ரசிகன் 0.400, 0.156 என்றே சொல்வான். ஸ்டீனின் சூத்திரமோ, பொதுச் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு தள்ளி இருக்கிறாரோ அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும், துல்லியமாகச் சொன்னால் 0.212 பங்கை மட்டும், அவர் திறமைக்கு வரவு வை என்றது. மீதி ஐந்தில் நான்கு பங்கு அதிர்ஷ்டக் கணக்கு. சீசன் முடிந்ததும் சரிபார்த்தார்கள். சூத்திரத்தின் மொத்தப் பிழை, தனிச் சராசரிகளை நம்பிய கணிப்பின் பிழையைவிட மூன்றரை மடங்கு குறைவு.

சூத்திரம் வழுக்கிய இடத்தையும் சொல்லியாக வேண்டும். கிளெமென்டேவுக்கு அது 0.294 என்றது. அவர் சீசனின் மீதியில் 0.346 அடித்தார். ஏனென்றால் அவர் அந்தப் பொது மூட்டையின் அரிசி இல்லை. நான்கு முறை லீக்கின் முதல் மட்டையாளராக வந்த பழுத்த வீரர். அவரைக் கூட்டத்தின் சராசரியை நோக்கி இழுத்ததைவிட, அவருடைய சொந்தப் பழைய கணக்கை நோக்கி இழுத்திருந்தால் கணிப்பு நெருங்கியிருக்கும். பழைய கணக்கு உள்ளவருக்கு அந்தக் கணக்கு. புதிதாக வருபவருக்கு அவரைப் போன்றவர்களின் கணக்கு. சூத்திரத்தை எந்திரம்போலப் பயன்படுத்துபவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

நம் கதைக்கு வருவோம். டி20 ஓபனர்களின் உண்மையான சராசரி 28ஐச் சுற்றி, ஆறு ரன் மேலும் கீழுமாகப் பரவியிருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏழு இன்னிங்ஸுக்குக் கிடைக்கும் எடை 0.21 மட்டுமே, பேஸ்பாலில் வந்த எண்ணுக்கு மிக அருகில். அப்படியென்றால் மாத்ரேக்கு நியாயமான கணிப்பு 34 கிடையாது, 29. அவருடைய சொந்த எண்ணுக்குப் பாதி எடை கொடுக்கவே 26 இன்னிங்ஸ் வேண்டும். லீக் சுற்றில் ஒரு சீசனுக்கு 14 மேட்ச் என்றால், ஏறத்தாழ இரண்டு முழு சீசன். என் அனுமானத்தை நீங்கள் சற்று மாற்றினாலும் விடை பத்து இன்னிங்ஸுக்குக் கீழே இறங்காது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஸ்ட்ரைக் ரேட் இதைவிட வேகமாக நிலைபெறும். சராசரிக்கு ஏழு அவுட்தான் சாட்சி. ஸ்ட்ரைக் ரேட்டுக்கு 127 பந்தும் சாட்சி. 189 என்ற எண்ணின் பிழை ஏறத்தாழ 18தான், அதாவது பத்து சதவீதத்துக்குள். சராசரியின் பிழையோ மூன்றில் ஒரு பங்கு. ஐபிஎல்லில் பொதுவான ஸ்ட்ரைக் ரேட் 150ஐ ஒட்டி இருக்கிறது. முதல் ஆறு ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்க முடியும் என்ற சலுகையைக் கழித்தாலும், மாத்ரே வேகமாக அடிக்கக்கூடியவர் என்பதை அந்த ஏழு மேட்சே ஓரளவு சொல்லிவிட்டது. நின்று ஆடுவாரா என்பதை இன்னும் சொல்லவில்லை. இளம் வீரரைப் பற்றிப் பேசும்போது, எந்த எண் சீக்கிரம் வாய் திறக்கும், எது தாமதமாகத் திறக்கும் என்று பிரித்துப் பார்க்கப் பழகுவதே பாதி அறிவியல்.

ஆரவாரத்தை நம்பி ஏமாந்த சரித்திரம் சென்னை ரசிகர்களுக்கே தெரியும். 2011 ஏப்ரல் 13 அன்று மொகாலியில் சென்னைக்கு எதிராக பால் வல்தாட்டி 63 பந்தில் ஆட்டமிழக்காமல் 120 அடித்தார். அந்த சீசனில் 463 ரன். அவருடைய ஐபிஎல் வாழ்க்கையின் மொத்த ரன் 505தான், காயங்களும் சேர்ந்துகொண்டன. இன்னொரு பக்கம், நம் சாய் சுதர்சன் 2022இல் 5 மேட்சில் 145 ரன் எடுத்தபோது பெரிதாக யாரும் கூச்சலிடவில்லை. குஜராத் பொறுமையாக வாய்ப்புக் கொடுத்துக்கொண்டே இருந்தது. 2025இல் 759 ரன்னுடன் ஆரஞ்சு தொப்பி அவர் தலையில் ஏறியது.

“பையன்கள் வந்ததும் ஜெயித்தோமே” என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். மாத்ரே ஆடிய முதல் நான்கு மேட்சும் தோல்வி. கடைசி மூன்றில் இரண்டு வெற்றி. 11 மேட்சில் 2 மட்டும் வென்ற அணி, யாரையும் மாற்றாமல் இருந்தாலும் அடுத்த மேட்சுகளில் கொஞ்சம் மேலே வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எந்த அணியும் மிக மோசமான கட்டத்தில்தான் ஆளை மாற்றுகிறது. பள்ளத்தின் அடியில் நிற்பவருக்கு அடுத்த அடி பெரும்பாலும் மேலே. அந்த ஏற்றத்தின் புகழ் முழுவதும், அப்போது உள்ளே வந்தவருக்குப் போய்விடுகிறது.

அப்படியானால் இளைஞர்களை ஏன் இறக்க வேண்டும்? அவர்களைப் பற்றி நமக்குத் தெரியாது என்பதற்காகவே. பல ஆண்டு ஆடிய வீரரின் இன்னொரு இன்னிங்ஸ் புதிதாக எதையும் கற்றுத் தருவதில்லை. புதியவரின் ஒவ்வொரு இன்னிங்ஸும் தகவல். கோப்பைக்கு வாய்ப்பு இருக்கும்வரை அந்தத் தகவலுக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். வெளியேறிய பிறகு அந்த விலை கிட்டத்தட்ட பூஜ்யம். அதை வாங்காமல் விடும் அணி, அடுத்த ஏலத்தில் அதையே கோடிகளில் வாங்கும்.

இந்தக் கணக்கு மிக முக்கியமாகப் பொருந்த வேண்டிய இடம் அந்தமானின் மைதானங்கள். ரஞ்சிக் கோப்பையில் இந்தத் தீவுகளுக்குத் தனி அணி கிடையாது. நிக்கோபாரிலிருந்து வந்த ஈசோ ஆல்பென், 2019இல் சைக்கிள் பந்தய ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பின் டீம் ஸ்பிரிண்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். சைக்கிளில் ஸ்டாப்வாட்ச் பேசிவிடும். ஒரே நாளில் திறமை தெரிந்துவிடும். மட்டை பிடிக்கும் பையனுக்கு அந்த வசதி இல்லை. கடல் தாண்டிச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ டிரையலுக்குப் போகும் தீவுச் சிறுவனோ சிறுமியோ இரண்டு பந்தில் அவுட் ஆகித் திரும்பினால், அந்த இரண்டு பந்து அவர்களைப் பற்றி எதையுமே சொல்லவில்லை. நாட்டின் சிறந்த மட்டையாளருக்கும் அது நடக்கும்.

டிரையல் நடத்துபவர்களுக்கும் பள்ளி விளையாட்டு ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். ஒரே நாளில் ஆளைக் கழிக்காதீர்கள். குறைந்தது பத்து இன்னிங்ஸ் கொடுங்கள். எத்தனை ரன் என்பதோடு எத்தனை பந்து என்பதையும் ஸ்கோர் புத்தகத்தில் எழுதுங்கள். அதன் பிறகு முடிவெடுங்கள்.