பலா இலையை வேண்டாம் என்ற ஆடு

கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழக எல்லைக் கிராமங்களில் ஆட்டுக்குக் காய்ச்சல் என்று தெரிய தெர்மாமீட்டர் வேண்டியதில்லை. கொப்போடு கட்டித் தொங்கவிட்ட பலா இலையை மோந்துவிட்டு ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். “தழை கடிக்கல்ல” என்று மருத்துவரைத் தேடிப் புறப்பட்டுவிடுவார்கள். பழி வயிற்றின்மேல்தான் விழும். ஆனால், பல நேரம் வயிறு நிரபராதி. கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின்-1 போன்ற புரதங்களை வெளியிடுகின்றன. அந்தச் சேதி எட்டியதும் மூளையே பசியை அடக்கிவிடுகிறது. நோயில்லாத எலிக்கு இதே புரதத்தை ஊசியில் ஏற்றினாலும் தீனி குறைந்துவிடும்.

பசி மூளையில் எங்கே கிளம்புகிறது என்று காட்டியவர்களில் ஒருவர் நம் நாட்டு பி. கே. ஆனந்த். 1951இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் சேர்ந்து, எலிகளின் மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதியின் இருபக்க ஓரத்திலும் துளியளவு இடத்தைச் சிதைத்தார். தீனி எதிரிலேயே இருக்க, அவை பட்டினி கிடந்தன. பின்னாளில் டெல்லி எய்ம்ஸில் உடலியல் துறையைக் கட்டியெழுப்பியவரும் இவரே. 1954இல் சுவீடனின் லார்சன் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்: வயிறு நிறையத் தின்ற ஆடுகளின் ஹைப்போதாலமஸில் மின்சாரம் பாய்ச்சினார், அவை மறுபடியும் மேயத் தொடங்கின.

இடம் தெரிந்ததும் எல்லாம் எளிதாகிவிடவில்லை. 1995இல், மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்காத எலிகளை அமெரிக்க ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். டோபமைனாக மாறும் எல்-டோபா மருந்தைக் கொடுக்காவிட்டால் அவை தின்னாமல் செத்தன. சரி, டோபமைன் கூடினால் பசி கூடுமா? டோபமைனைப் பெருக்கும் ஆம்ஃபெட்டமைன்தான் ஒருகாலத்தில் பேர்போன மெலிவு மாத்திரை! குறைந்தாலும் பட்டினி, மிஞ்சினாலும் பட்டினி.

செரட்டோனின் என்ற இன்னொரு வேதிப்பொருள் வழியாகப் பசியைத் தணித்த ஃபென்ஃபுளூரமைன் மாத்திரை, இதய வால்வுகளைக் கெடுத்ததால் 1997இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. உடல் ஒரே வேதிப்பொருளைப் பத்து வேலைக்கு வைத்திருக்கும்போது, பசியை மட்டும் அடக்கும் மருந்து என்று யாராவது விற்றால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

இப்போது பேசப்படும் செமாகுளூட்டைடு என்ற மருந்து, உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போன்றது. எடை குறைகிறது, உண்மைதான். பலருக்கு ஓங்கரிப்பும் வருகிறது. அப்படியானால் பசி தணிந்து தட்டைத் தள்ளுகிறார்களா, குமட்டித் தள்ளுகிறார்களா? எலியிடம் இதைக் கேட்பது கடினம், எலிக்கு வாந்தி எடுக்கவே வராது. குமட்டினால் அது மண்ணைத் தின்னும். ஆகவே கூண்டில் தீனிக்குப் பக்கத்தில் வெள்ளைக் களிமண்ணையும் வைக்கிறார்கள். திருவனந்தபுரத்துக்கு வடக்கே தோன்னக்கல்லில் கிடைக்கிறதே, அதே கயோலின். ஜிஎல்பி-1 வகை மருந்து ஏற்றிய எலிகள் தீனியைக் குறைத்துக்கொண்டு களிமண்ணைக் கூடுதலாகக் கொறித்தன. அதனால்தான் புதிய பசியடக்கிகளைச் சோதிக்கும்போது, எலி எவ்வளவு தின்றது என்பதோடு எவ்வளவு களிமண் குறைந்தது என்பதையும் ஆய்வாளர்கள் பலர் நிறுத்துப் பார்க்கிறார்கள்.