காயம் ஆறும் வரை குடல் காத்திருக்காது

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய சின்சில்லாவைப் பற்றிக் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது தையல் எப்படி இருக்கிறது என்றல்ல. "ஏதாவது தின்றதா? புழுக்கை போட்டதா?" என்றுதான். அரைக் கிலோ எடையுள்ள இந்தப் பிராணிக்குக் கத்தி பட்ட காயத்தைவிட, அதன்பின் வரும் பட்டினி ஆபத்தானது.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச் சரிவுகளே சின்சில்லாவின் பூர்வீகம். மத்தியாஸ் சாப்மன் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர், ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்க எண்ணி, 1923-ல் ஒரு சிறு கூட்டத்தைச் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார். இன்று அமெரிக்க வீடுகளில் செல்லமாக வளர்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தின் வழிவந்தவை. வீடு மாறினாலும் குடல் மாறவில்லை. வறண்ட மலையில் காய்ந்த புல்லையும் புதர்த் தழையையும் ஓயாமல் கொறித்து, அதிலிருந்து சத்தைக் கறக்கும் குடல் அது.

மாடு நார்ச்சத்தை முன்வயிற்றில் நொதிக்க வைக்கிறது. சின்சில்லாவுக்கு அந்த வேலை பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள சீக்கம் என்ற பையில் நடக்கிறது. அங்கே குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்கள்தான் உண்மையில் புல்லைச் செரிக்கின்றன. நார் தொடர்ந்து வந்தால் குடல் அசையும். வரத்து நின்றால் அசைவும் மந்தமாகும். உள்ளே தேங்கியது வறண்டு இறுகும், வாயு சேரும், வயிறு வலிக்கும். வலிக்கிற பிராணி தின்னாது. தின்னாததால் குடல் இன்னும் சோரும். இந்தச் சுழலுக்கு நடுவே, பசித்த உடல் தன் கொழுப்பைக் கரைத்து ஈரலில் கொண்டு சேர்க்க, ஈரலும் கெடத் தொடங்கும். வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் வழியில்லை. சின்சில்லாவால் வாந்தி எடுக்க முடியாது.

கடைவாய்ப்பல் சீழ்க்கட்டியோ, சிறுநீர்ப்பைக் கல்லோ, எதற்காக அறுத்தாலும் பின்கதை இதுதான். அதனால் உணவுக்கு முன் வலி நிவாரணி. முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று அரைத்தபடி ஒரு மூலையில் இருந்தால் அதற்கு வலிக்கிறது என்று பொருள். வலியோடு இருப்பதன் வாயில் உணவைத் திணிப்பது கொடுமை, பலனும் இல்லை.

ஊட்டுவதற்கென்றே திமோதிப் புல்லை அரைத்துச் செய்த தூள் கிடைக்கிறது. வெதுவெதுப்பான நீரில் கூழாகக் கரைத்து, ஊசி நீக்கிய 1 மில்லி சிரிஞ்சில் எடுக்க வேண்டும். பழக்கூழோ சத்துமாவோ இதற்கு ஈடாகாது; அவற்றின் மாவும் சர்க்கரையும் பாக்டீரியாக்களின் சமநிலையைக் குலைக்கும். பொதுவான கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 80 மில்லி கூழ். அரைக் கிலோ சின்சில்லாவுக்கு 25 முதல் 40 மில்லி. நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். சரியான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

துண்டில் தளர்வாகச் சுற்றி, மடியில் நிமிர்ந்த நிலையில் உட்கார வைக்க வேண்டும். மல்லாத்தவே கூடாது, கூழ் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரும். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே இயற்கையே ஓர் இடைவெளி விட்டிருக்கிறது. பக்கவாட்டிலிருந்து அங்கே நுனியை வைத்து, அரை மில்லிக்கும் குறைவாக விட்டு, அது மென்று விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். தாடையில் ஒழுகியதை உடனே துடைத்து உலர்த்துவதும் முக்கியம். ஒரே மயிர்க்குழியிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட இழைகள் முளைக்கும் அடர்ந்த ரோமம் அது. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். மென்தூளில் புரளும் வழக்கமான குளியலும் தையல் ஆறும் வரை வேண்டாம். அறையின் வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இருக்கட்டும்; அத்தனை ரோமத்துக்குள் வெப்பம் எளிதில் வெளியேறாது.

வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தொடவே வேண்டாம். நமக்குச் சாதாரணமான அமாக்ஸிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால், சீக்கத்தின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நச்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் பெருகி உயிரையே பறித்துவிடலாம்.

முன்னேற்றத்தை அளக்கச் சமையலறைத் தராசு போதும். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்துக் கிராம் கணக்கில் குறித்து வைக்க வேண்டும். புழுக்கையையும் பார்க்க வேண்டும்: தொடக்கத்தில் சிறுத்து வறண்டிருப்பது, குடல் விழிக்க விழிக்கப் பருத்து எண்ணிக்கையும் கூடும். கூண்டில் நல்ல காய்ந்த புல் எப்போதும் இருக்கட்டும். அது தானாகக் கொறிக்கத் தொடங்கியதுமே சிரிஞ்சை நிறுத்திவிடக் கூடாது. எடை நிலைத்து நிற்கிறதா என்று பார்த்து, வேளைகளை ஒவ்வொன்றாகக் குறைக்க வேண்டும். வயிறு உப்பிக் கல்லாக இறுகி, புழுக்கையே விழாவிட்டால் குடலில் அடைப்பு இருக்கலாம். அப்போது ஒரு சொட்டுக் கூழும் கொடுக்காமல் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.