திடீரென்று ஏன் அனலடிக்கிறது?

மின்விசிறி முழு வேகத்தில் சுழலும். ஐம்பதை நெருங்கும் அம்மாவுக்கு மட்டும் மார்பிலிருந்து முகம்வரை அனல் ஏறி, ரவிக்கை வியர்வையில் நனைந்துவிடும். ஏன்?

ஒரு பெண் பிறக்கும்போதே சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். முதிர்ந்து வெளிவருபவை சுமார் 400 தான். மற்றவை தாமாகவே அழிந்துபோகும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இந்த இருப்பு தீரத் தீர, ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் சுரப்பும் சரிகிறது. அது குறைந்ததும், மூளையின் ஹைப்போதலாமஸில் உடல்வெப்பத்தைக் கவனிக்கும் நரம்புகள் அளவுக்கு மீறி உஷாராகிவிடுகின்றன. வெப்பம் இம்மியளவு கூடினாலும் தோலின் ரத்தக்குழாய்களை விரித்து, வியர்க்க வைக்கின்றன. இது மனப்பிரமை அல்லவே அல்ல, சிகிச்சையும் உண்டு.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு. அதன்பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள்.