அணைக்க முடியாத கனல்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுத்துக் கிடக்கும் மணலை ஒரு கை அள்ளினால் அதில் மோனசைட் இருக்கும், மோனசைட்டுக்குள் தோரியம். அந்த அணுக்கள் யாரும் தொடாமலே ஒவ்வொன்றாகச் சிதைந்து துளித்துளியாய் வெப்பம் விடுகின்றன. ஆனால் தோரியம் பாதியாகக் குறைய சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும். அந்தச் சூட்டில் ஒரு கட்டன் சாயாகூடப் போட முடியாது.

புளுட்டோனியம்-238 அப்படியல்ல. அது பாதியாக 88 ஆண்டு போதும். கிராமுக்கு அரை வாட்டுக்கு மேல் வெப்பம் தரும். அந்த வெப்பத்தைக் குறைகடத்தி இணைப்புகள் மின்சாரமாக்கினால் அது கதிரியக்க மின்னாக்கி. சுழலும் பாகம் எதுவுமில்லை. வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு பங்குதான் மின்சாரமாகும். செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டிக்குக் கிடைத்தது சுமார் 110 வாட். சந்திரயான்-3 உந்துகலத்திலும் இரண்டு அணுச்சூடேற்றிகள் போயின. ஒவ்வொன்றும் ஒரு வாட், குளிர் காய மட்டும்.

கூடங்குளத்தில் நடப்பது வேறு. அங்கே யுரேனியம் தானாகச் சிதையக் காத்திருப்பதில்லை. ஒரு நியூட்ரான் ஓர் அணுவைப் பிளக்க, அதிலிருந்து தெறிப்பவை அடுத்தவற்றைப் பிளக்கின்றன. ஓர் உலைக்கு 1,000 மெகாவாட் மின்சாரம். கட்டுப்பாட்டுக் கோல்களை இறக்கினால் பிளவு நின்றுவிடும்.

மின்னாக்கியை அப்படி நிறுத்த முடியாது. 1965-இல் சீனாவின் அணுச்சோதனையை வேவுபார்க்க இமயமலையின் நந்தா தேவிச் சிகரத்துக்குத் தூக்கிப்போன ஒன்று பனியில் தொலைந்தது, இன்றுவரை அகப்படவில்லை. அதன் புளுட்டோனியத்தில் பாதிக்கு மேல் இன்னும் மிச்சமிருக்கும். அதன் ஆல்பா கதிரை ஒரு தாளே தடுத்துவிடும். தூளாகி மூச்சில் ஏறினால்தான் வினை. அதனால்தான் விண்கலங்களில் அதைப் பீங்கான் வில்லைகளாக்கி இரிடியம் உறைக்குள் பூட்டுகிறார்கள்.

உலையின் கதை தலைகீழ். புதிதாக வந்திறங்கும் யுரேனிய எரிபொருளைக் கையுறையோடு கையாளலாம். உலை ஓடத் தொடங்கிய பிறகோ, பிளவில் பிறந்த துண்டுகள் கடுங்கதிர் வீசும்; தடித்த சுவரும் தண்ணீரும் இல்லாமல் கிட்டப் போக முடியாது.

அந்தத் துண்டுகளும் மணவாளக்குறிச்சி மணலைப்போலத் தாமாகச் சிதைபவைதாம், வெகுவேகமாக. பிளவு நின்ற நொடியிலும் 3,000 மெகாவாட் வெப்ப உலையில் சுமார் 200 மெகாவாட் சூடு மிஞ்சும். புகுஷிமாவில் 2011-இல் நிலநடுக்கம் வந்ததும் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காக நின்றன. குளிர்விக்கும் மின்சாரத்தைத்தான் சுனாமி பறித்தது. கூடங்குளத்தில் மின்சாரம் போனாலும் காற்றோட்டத்தாலேயே சூட்டை இறக்கும் அமைப்பு வைத்திருப்பது இப்படி மிஞ்சும் சூட்டுக்காகத்தான். 2004-இல் குளச்சலில் கடல் ஏறியதைக் கண்ட நமக்கு, உலை நிற்குமா என்பதைவிட நின்றபின் யார் குளிர்விப்பது என்பதே பெரிய கேள்வி.