வாசலில் எழுதிய நன்றி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் இன்று இரு மருங்கிலும் நாம் காண்பவை தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களே. 1017-ல் ராமானுஜர் அவதரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும் அவர் பிறந்த ஊரை எவரும் மறக்கவில்லை. ஆனால் நம் பாட்டனார் காலத்துத் திண்ணை வீடு ஒன்றைக் காட்டி, 'இதைக் கட்டியவர் யார்?' என்று கேட்டால், விடை கூறுவார் அரியர். தொழில் வளர்வது நாட்டுக்கு நன்மையே. வீட்டோடு மனிதரையும் மறந்துவிடுகிறோமே என்பதுதான் நமது வருத்தம்.

அச்சாலையைத் தொடர்ந்து சென்று செங்கற்பட்டையும் கடந்தால் திருக்கழுக்குன்றத்தை அடையலாம். யுத்த பயத்தால் சென்னைவாசிகள் பலர் ஊரைவிட்டு வெளியேறிய 1942-ல், மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையரவர்கள் இங்கே வந்து தங்கி, ஏப்ரல் 28-ந் தேதி காலமானார்கள். அவர்கள் விட்டு வந்த வீடு திருவல்லிக்கேணியில் இருந்தது. 1903-ல் மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிச் சென்னை வந்த ஐயரவர்கள், நெடுங்காலம் வாழ்ந்தது அந்த வீட்டில்தான். பரிபாடல் 1918-லும், குறுந்தொகை 1937-லும் அவர்களுடைய உழைப்பால் அச்சேறின. கவி தாகூர் ஐயரவர்களைக் காண வந்ததும் அங்கேதான்.

வீட்டின் பெயர் 'தியாகராஜ விலாசம்'. திருவாரூர்ப் பெருமானின் திருநாமம் போலும் என்று எண்ணத் தோன்றும். அன்று! கும்பகோணம் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராயிருந்த தியாகராச செட்டியார், 1880-ல் தாம் ஓய்வு பெறும் சமயத்தில், அந்த உத்தியோகம் இளைஞரான ஐயரவர்களுக்குக் கிடைக்கும்படி செய்தார். அந்தப் பேருதவிக்குச் செலுத்திய நன்றியே வாசற்பெயராயிற்று. ஒரு பெயரைத் துருவினால் ஒரு மனிதர் வெளிப்படுகிறார்.

2012-ல் அவ்வீடு இடிபட்டது. மரபுச் சின்னங்களைக் காக்கத் தமிழ்நாட்டில் சட்டம் இயற்றியதும் அதே ஆண்டில்தான்! ஐயரவர்களின் சொந்த ஊராகிய உத்தமதானபுரத்தில் நினைவு இல்லம் இருப்பது ஓர் ஆறுதல்.

எல்லா வீடுகளையும் காப்பது இயலாது. ஆனால் நேயர்கள் ஒவ்வொருவராலும் இயன்ற காரியம் ஒன்று உண்டு. பழைய வீட்டை விற்குமுன் பரணிலுள்ள பெட்டியைத் திறந்து, கிரயப் பத்திரங்களைப் படியுங்கள். விற்றவர் யார், வாங்கியவர் யார், நான்கு எல்லைகளில் குடியிருந்தவர் யார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கும். வீட்டிலுள்ள மூதாட்டியாரைக் கேட்டு, அவர் சொல்வதை எழுதி வையுங்கள். தேக்குத் தூணையும் கதவையும் விலை கொடுத்து வாங்க ஆட்கள் வருவார்கள். அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்களை வாங்க ஒருவரும் வரமாட்டார்.